பழைய தேக்கு படிக்கட்டுக்கு பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி ஏன் சாண்டிங் பண்ணணும்?
சாண்டிங்னா உப்புத்தாள் வச்சு மரத்தோட மேல்பரப்பை லேசா தேய்ச்சு எடுக்கிறது, அவ்ளோதான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய வீட்டு படி, கைப்பிடில எல்லாம் வருஷக்கணக்கா கை எண்ணெய், அழுக்கு, பழைய வார்னிஷ் ஏறி வழவழன்னு இருக்கும், அது மேலயே புதுசா அடிச்சா பிடிமானம் இல்லாம உரிஞ்சு வந்துடும், எண்ணெய்ப் பிசுக்கு டப்பால லேபிள் ஒட்டின மாதிரி.

80ம் நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 120, அப்புறம் 180 (நம்பர் கூடக்கூட தாள் நைசா இருக்கும்), எப்பவும் மர ரேகை போற பக்கமாவே தேய்ங்க, குறுக்க தேய்ச்சா கலர் போட்டதும் கோடு கோடா தெரியும். உருண்டை கைப்பிடிய கையாலதான் தேய்க்கணும், மெஷின் வச்சா தட்டையாயிடும். மாஸ்க் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழைல தயவுசெஞ்சு இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க, பூச்சு காயவே காயாது.

எவ்ளோ வழவழப்போ அவ்ளோ நல்லதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, ரொம்ப நைசா தேய்ச்சுட்டா கலர் மரத்துக்குள்ள சரியா இறங்காது.