சுப்பன்க்ரூன் கட்டும் ஒரு பானைப் பருப்பும்

தம்பி, ஜெர்மனியில் இந்த ஸ்டுட்கார்ட் ஊருக்கு வந்து இரண்டு மாசம், அக்டோபர் குளிரில் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, நல்ல முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஆசியக் கடையில் கிடைக்கும். ஆனால் வதங்கிப்போன நாலு காய்க்கு நீங்கள் கொடுக்கிற காசைச் சொன்னால் ஊரில் அம்மா திட்டுவார்கள். பதினாலு வருஷமாக இங்கே இருக்கிறேன். குளிர் தொடங்கினால் அந்தப் பக்கமே போவதில்லை. இந்த ஊர்க்காரர்கள் வைக்கிற பருப்புக் குழம்பைத்தான் வைக்கிறேன். லின்சன் ஐன்டோப்ஃப் என்பார்கள். ஒரே பானைச் சமையல்.

சூப்பர் மார்க்கெட்டில் சுப்பன்க்ரூன் என்று ஒரு கட்டு இருக்கும். நம்மூரில் காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு தருவார்களே, அந்த மாதிரி சூப்புக்கு வேண்டியதை மொத்தமாகக் கட்டி வைத்திருப்பார்கள்: கேரட், தடித்த வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ், பார்ஸ்லி, கூடவே சேனைக்கிழங்கின் தங்கச்சி போல ஒரு துண்டு செல்லரிக் கிழங்கு. முதல் வருஷம் அந்தக் கிழங்கை முழுசாகச் சாம்பாரில் நறுக்கிப் போட்டேன். பெருங்காயம் வாசனையே தெரியவில்லை, பானை முழுக்கச் செல்லரிதான். அது சாம்பாருக்கு ஆகாது, இந்தக் குழம்புக்கு அது இல்லாமல் ஆகாது. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள், மடிப்புக்குள் மண் இருக்கும்.

பருப்புக்கு டெல்லர்லின்சன் என்று கேளுங்கள். தோல் உரிக்காத மைசூர் பருப்பைவிடப் பெரிசாக, தட்டையாக இருக்கும். ஊற வைக்க வேண்டாம். பெரிய வெங்காயம் ஒன்றை எண்ணெயில் வதக்கி, பொடியாக நறுக்கிய காய்களைப் போட்டுப் புரட்டி, கால் கிலோ பருப்பு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், ஒரு பிரிஞ்சி இலை. சிறுதீயில் இருபது நிமிஷம் கழித்து இரண்டு உருளைக்கிழங்கு. இன்னும் இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். குக்கரில் வைக்காதீர்கள், கூட்டாகிவிடும். உப்பும் வினிகரும் கடைசியில். ஆமாம், வினிகர், இரண்டு மேசைக்கரண்டி. இந்தப் பக்கத்து ஆட்கள், ஷ்வாபன்காரர்கள், புளிப்பில்லாமல் இந்தப் பருப்பைச் சாப்பிட மாட்டார்கள். ஒருமுறை அவசரத்தில் முதலிலேயே ஊற்றிவிட்டேன், ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பருப்பு கல்லாகவே கிடந்தது. பருப்பு வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று பாட்டி சொன்னதும் இதே கணக்குதான், அங்கே கேட்டதை இங்கே மறந்துவிட்டேன்.

இங்கே இதை ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ் மேல் ஊற்றி, பக்கத்தில் ஒரு ஜோடி சாசேஜ் வைத்துத் தருவார்கள். நாங்கள் சோற்றில் ஊற்றி, வரமிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டுவோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கடுகைச் சுட்டிக்காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தந்தார். அடுத்த வாரம் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஷ்வாபன் மலைப்பக்கம் விளையும் ஆல்ப் லைசா பருப்பும் கடைகளில் பார்ப்பீர்கள். அங்கே பயிரிடுவதே நின்றுபோய், விதைகூட இல்லாமல் போயிருந்தது. 2006-இல் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விதைக் காப்பகத்தில் அந்தப் பழைய ரகத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். விலை கூட. விருந்தாளி வந்தால் வாங்கலாம்.

இரண்டு விஷயம். தாளிக்கும் முன் குளிர்கோட்டைப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் மறுநாள் ஆபீஸில் கடுகு வாசனையோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அப்புறம் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டு, வெளியே போகவே மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. சுப்பன்க்ரூன் கட்டைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.