நஞ்சைப் பார்த்துத் தேளைச் சொல்ல முடியுமா?

கேள்வி: பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் தேள் இனங்களை நஞ்சை ஆராய்ந்தே பிரிக்கலாம் என்கிறார்களே, எப்படி? – முதுகலை மாணவி, திருச்சி

பதில்: கருந்தேளையும் செந்தேளையும் பிரிக்க இயந்திரம் வேண்டாம். கருந்தேளுக்கு இடுக்கி பெரிது, வால் ஒல்லி. செந்தேளுக்கு அது தலைகீழ். சிக்கல் செந்தேளின் நெருங்கிய உறவுகளிடம்தான். நம் செந்தேள் ஹாட்டென்டாட்டா டாமுலஸ் (1798இல் ஃபாப்ரிசியஸ் வைத்த 'டாமுலஸ்' என்ற பெயரில் இருப்பது தமிழ்தான்). தென்னிந்தியாவிலேயே வாழும் ருகிஸ்கூட்டிஸ் என்ற இன்னொரு தேளும் அதே பேரினம். குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரிப்பது கடினம்.

மால்டி-டாஃப் நிறைமானியில் (மூலக்கூறுகளை லேசரால் பறக்கவிட்டு எடை காணும் கருவி) நஞ்சிலுள்ள பெப்டைடுகளின் (சிறு புரதங்களின்) எடைகள் முகடுகளாக வரிசையாகப் பதிவாகும். நரம்பு, தசைச் செல்களின் பொட்டாசியம் வாயில்களை அடைப்பவை பெரும்பாலும் 2,500–4,500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). சோடியம் வாயில்களைத் தாக்குபவை 6,500–8,500. செந்தேளின் ஐபீரியோடாக்சின் என்ற பெப்டைடு சுமார் 4,230. ஒரே ஒரு முகட்டை நம்பி இனத்தை முடிவுசெய்யாதீர்கள். முழு வரிசையையும் ஒப்பிட வேண்டும்.

உலர்த்திய நஞ்சை 0.1% ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சளியை மையவிலக்கில் படியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். சி-18 நுனியில் (பெப்டைடைப் பிடித்து உப்பை விடும் பொருள் அடைத்த குழாய் நுனி) உப்பு நீக்கியபின் 1 மைக்ரோலிட்டர் நஞ்சும் 1 மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸும் (லேசர் ஒளியை உறிஞ்சும் வேதிப்பொருள்) தட்டில் கலந்து உலரட்டும். உப்பு மிச்சமிருந்தால் ஒவ்வொரு முகட்டுக்கும் பக்கத்தில் 22 (சோடியம்), 38 (பொட்டாசியம்) டால்டன் தள்ளி ஒரு நிழல் முகடு முளைக்கும். அதைப் புதிய பெப்டைடு என்று எழுதிவிடுபவர்கள் உண்டு! 16 கூடியிருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றம். பழைய மாதிரி, அல்லது பலமுறை உருக்கி உறைய வைத்தது.

ஒரு பெப்டைடு எந்த நஞ்சுக் குடும்பம் என்ற சந்தேகம் வந்தால், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை இரண்டிரண்டாக இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்து அயோடோஅசிட்டமைடு சேருங்கள். ஒரு சிஸ்டீனுக்கு 58 டால்டன் வீதம் எடை கூடும். நான்கு பிணைப்புள்ள சோடியம் நஞ்சில் 464, மூன்று பிணைப்புள்ளதில் 348.

பலர் தவறுவது இயந்திரத்தில் அல்ல, நஞ்சு எடுக்கும்போது. சில இனங்களில் முதலில் வருவது தெளிந்த துளி. அதில் பொட்டாசியம் உப்பு அதிகம். பால்போன்றது பிறகுதான் வரும். ஒரு தேளின் முதல் துளியையும் இன்னொன்றின் கடைசித் துளியையும் ஒப்பிட்டால் ஒரே இனமே இரண்டாகத் தெரியும். கறந்த சில நாளில் நஞ்சின் அளவு மீண்டாலும் புரதம் மீள அதைவிட நாளாகும். இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள். வாழிடமும் மாற்றும்: கொங்கண் கடலோரச் செந்தேளும் தக்காணச் செந்தேளும் ஒரே இனம்தான், நஞ்சுப் பெப்டைடுகள் வேறுபடுவதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நஞ்சு எடுத்த அதே தேளை ஆல்கஹாலில் இட்டு, பிடித்த இடம், நாள், ஆணா பெண்ணா என்பதைக் குறித்து வையுங்கள். அது இல்லாத பதிவேடு எதற்கும் உதவாது.

கேள்வி: புற ஊதா டார்ச்சில் ஒளிரும் நிறத்தை வைத்து இனம் சொல்லலாமா? – வாசகர், தருமபுரி

பதில்: முடியாது. ஒளிர்வது நஞ்சல்ல, மேலோடு. அநேகமாக எல்லாத் தேளும் நீலப்பச்சையாகத்தான் ஒளிரும். அப்போதுதான் தோலுரித்தது, ஓடு இறுகும்வரை, மங்கலாக இருக்கும். இருட்டில் தேளைத் தேட அந்த டார்ச் நல்லது. கையில் நீண்ட இடுக்கியும் இருக்கட்டும்.