சைனஸுக்குள் போன இம்ப்ளாண்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திருகி வைத்த இம்ப்ளாண்ட் எப்படி டாக்டர் சைனஸுக்குள் போகும்?

இம்ப்ளாண்ட் என்பது போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் திருகி வைக்கிற செயற்கை வேர். மேல் கடைவாய்ப் பற்களுக்கு நேர் மேலே இருக்கிற காற்றறைதான் மேக்ஸிலரி சைனஸ். பல்லை எடுத்து வருடக்கணக்கில் ஆகிவிட்டால் கீழே எலும்பு கரையும், மேலே சைனஸும் இறங்கி வரும். சிலருக்கு நடுவில் மிஞ்சுவது 3, 4 மி.மீ. எலும்புதான். அதுவும் மெத்தென்று இருக்கும், திருகு இறுகப் பிடிக்காது. வைக்கும்போதே உள்ளே நழுவலாம். அப்புறம் மூடியைத் திருகும்போது கை அழுத்தியும் போகலாம், மாதங்கள் கழித்துத் தானாகவும் போகலாம். மூச்சு இழுக்கையில் சைனஸுக்குள் அழுத்தம் குறைவதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கேள்வி: எனக்கு வலியே இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. சைனஸின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் உண்டு. சளியை மேல்நோக்கித் தள்ளி, மூக்குக்குத் திறக்கும் சிறு துளை வழியாக வெளியேற்றுவது அவற்றின் வேலை. இம்ப்ளாண்ட் அந்தத் துளைப் பக்கம் நகர்ந்து அடைத்துக்கொண்டால் சளி தேங்கிச் சீழ் பிடிக்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, நாற்றமடிக்கும் சளி, கன்னத்தில் கனம் என்று மெல்லத்தான் தெரியும். கண்ணுக்குப் பின்னால் உள்ள சைனஸ்கள் வரை நகர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. தொந்தரவு இல்லையென்றால் இன்று இரவே ஓட வேண்டியதில்லை. ஆனால் அதை எடுக்கத் தேதி குறித்துவிடுங்கள்.

கேள்வி: வாய் வழியா, மூக்கு வழியா? இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நான் முதலில் பார்ப்பது சைனஸ் கெட்டிருக்கிறதா என்பதைத்தான். சுத்தமாக இருந்து, இம்ப்ளாண்ட் கீழே கிடந்தால், ஈறை விலக்கிப் பக்கவாட்டு எலும்பில் சிறு ஜன்னல் திறந்து எடுப்பது நேரடியான வழி. 1890களில் கால்டுவெல், லூக் என்ற இரு மருத்துவர்கள் காட்டிய பாதைதான் இது. இன்று ஜன்னலை முன்பைவிடச் சிறிதாகத் திறக்கிறோம். சீழ் கட்டி, துளையும் அடைபட்டிருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணர் எண்டோஸ்கோப்போடு (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்) மூக்கு வழியாகப் போவது நல்லது. இம்ப்ளாண்ட்டை எடுக்கும்போதே துளையையும் அகலப்படுத்திவிடுவார். வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே ஓட்டையும் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே செய்ய வேண்டிவரும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆபரேஷனுக்குச் சற்று முன்பு ஸ்கேன் எடுக்கிறார்களா? நான் பார்த்த ஒருவருக்குப் பழைய ஸ்கேனில் சைனஸின் தரையில் கிடந்தது, திறந்து பார்த்தால் மேலே துளையருகே சளியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி: நான் பல் டாக்டர். வைக்கும்போதே கையைவிட்டு உள்ளே போய்விட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

உடனே கையை நிறுத்துங்கள். எலும்பில் போட்ட துளை வழியே கருவியை விட்டுத் துழாவினால் மெல்லிய உள்தோல் இன்னும் கிழியும், இம்ப்ளாண்ட்டும் தள்ளிப் போகும். கண்ணுக்குத் தெரிகிறதென்றால் சக்ஷன் முனையை வைத்து ஒருமுறை முயலலாம். வரவில்லையா, நோயாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, கோன் பீம் ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்து, வாய் அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள். மறைத்த இம்ப்ளாண்ட் என்றைக்காவது எக்ஸ்ரேயில் தெரியத்தான் போகிறது. உங்களை நம்பி வாயைத் திறந்து படுத்தவர் அவர், அவருக்கு அது முதலில் உங்கள் வாயால் தெரிய வேண்டும்.

கேள்வி: வாய் கொப்பளித்தால் மூக்கில் தண்ணீர் வருகிறதே?

ஓட்டை மூடவில்லை என்று அர்த்தம். மிகச் சிறியதென்றால் தானே மூடலாம். பெரிதாக இருந்தால் கன்னத்துச் சதையையோ உள்ளிருக்கும் கொழுப்பையோ இழுத்து மூடித் தைக்க வேண்டும். சைனஸில் சீழ் இருக்கும்போது தைத்தால் மறுபடி பிரிந்துவிடும்.

கேள்வி: எடுத்த பிறகு எப்படி இருக்க வேண்டும்? மறுபடி இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஸ்ட்ரா, புகை இரண்டும் வேண்டாம். மறுபடி வைக்கலாம். சைனஸ் முழுக்க ஆறியதை ஸ்கேனில் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் சைனஸ் லிஃப்ட் செய்து, அதாவது சைனஸின் உள்தோலை மேலே தூக்கி அடியில் எலும்பை வளர்த்துக்கொண்டு. அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.