ஆல்புமின் 2.9, குளோபுலின் 4.6: கல்லீரல் கெட்டுவிட்டதா?

தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிடும் அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு ரத்தப் புரதங்களின் அளவு இப்படி வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து அவருக்குக் கல்லீரல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தொழுநோயில் கிருமி அதிகமுள்ள வகை என்றால் உடம்பு எதிர்ப்புப் புரதங்களை அள்ளித் தயாரிக்கும், அவை குளோபுலின் வகை என்பதால் குளோபுலின் ஏறும், நாள்பட்ட அழற்சியில் ஆல்புமின் இறங்கும், வழக்கமாக ஆல்புமின் அதிகமாக இருக்கும் விகிதம் தலைகீழாகிவிடும்.

முதலில் காலைச் சிறுநீரில் புரதம் போகிறதா பாருங்கள். சிறுநீரகம் வழியாகவும் ஆல்புமின் ஒழுகலாம், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, பிலிருபின், கூடவே ரத்தப் புரதங்களை வகை பிரித்து வரைபடமாகக் காட்டும் சீரம் எலக்ட்ரோபோரசிஸ் பரிசோதனை. அந்த வரைபடத்தில் எதிர்ப்புப் புரதங்கள் வரும் காமா பகுதி அகலமாக மேடு தட்டியிருந்தால் தொழுநோயோடு பொருந்தும். ஒல்லியாகக் கூராக நின்றால் அது வேறு சமாச்சாரம், ரத்தநோய் மருத்துவரிடம் காட்டணும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தொழுநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜிஎச் தோல் பிரிவில் காட்டிக் கேளுங்கள். காய்ச்சலோடு வலிக்கும் முடிச்சுகள் வந்தால் அன்றைக்கே போங்கள்.