முன்னட்டையில் யாருடைய படம்?

வணக்கம் அண்ணா,

என் முதல் சிறுகதைத் தொகுதியை நானே அச்சிடப்போகிறேன், 128 பக்கம். தெரிந்த தம்பி ஒருவர் அட்டை செய்து தந்தார். தலையறுந்த பனை, முட்கம்பி, சிவந்த வானம், நடுவில், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான கிளிநொச்சிப் போராட்டத்தில் அழும் ஓர் அம்மா. அம்மாவின் படம் முகநூலில் எடுத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நல்லாயிருக்கு என்கிறார்கள், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அட்டையோடு முதல் கதையையும் இணைத்திருக்கிறேன். கதையில் வரும் தையல் மெசின் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. என்ன பிழை என்று சொல்வீர்களா?

வாசகி, முள்ளியவளை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் மனம் சொன்னது சரி. முதலில் அந்த அம்மாவின் படத்தை எடுத்துவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தாய்மார் வீதியோரம் இருப்பது பிள்ளை எங்கே என்று கேட்பதற்காக. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய அழுகையை நாம் புத்தகத்துக்கு எடுக்கக்கூடாது. நாளைக்கு உங்கள் வெளியீட்டுக்கே அவர் வந்து முன்வரிசையில் இருக்கலாம், நம் ஊர் அவ்வளவு சின்னது. படம் பிடித்தவருக்கும் உரிமை உண்டு, இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படங்களையும் பாதுகாக்கிறது.

பனையும் முட்கம்பியும் பொய்யில்லை, நாங்கள் பார்த்தவைதான். ஆனால் இங்கிருந்து வருகிற எத்தனையோ புத்தகங்களில் அவை வந்துவிட்டன, உங்கள் புத்தகம் எது என்று அவற்றால் சொல்ல முடியாது. உங்கள் கதையிலோ உழவு மெசின் பெட்டியில் இடமில்லாமல் அம்மா அரிசி மூட்டையை இறக்கிவிட்டுத் தையல் மெசினை ஏற்றுகிறார், உரப்பையால் சுற்றி, மேலே தறப்பாள் போட்டு. படித்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மெசினைத் தவிர வேறு எதை அட்டையில் போடப்போகிறீர்கள்?

காலை வெளிச்சத்தில், வாசல் கதவைத் திறந்துவைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். சூம் பண்ணாமல் கிட்டப் போய் எடுங்கள். கைச்சக்கரத்தில் துரு இருந்தால் துடைக்க வேண்டாம். மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் சுவராக விட்டால் தலைப்பு அங்கே நிம்மதியாக உட்காரும். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், டொக்யுமென்டாக அனுப்புங்கள். ஐந்தரைக்கு எட்டரை அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 1650க்கு 2550 பிக்சலாவது வேண்டும். ஓரங்களில் வெட்டுப்படுவதற்கு 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடவும் சொல்லுங்கள்.

தலைப்பு இப்போது நிழலும் பொன்நிறமுமாக மின்னுகிறது, வாசிக்கத்தான் முடியவில்லை. ரொறன்ரோவிலோ பரிஸிலோ இருக்கிற ஒருவர் உங்கள் புத்தகத்தை முதலில் பார்க்கப்போவது கைபேசியில், பெருவிரல் நகமளவில். அட்டையை அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், தலைப்பு தெரியாவிட்டால் எழுத்தை மாற்றுங்கள், நிழலைத் தூக்குங்கள். இன்னொன்று, உங்கள் பெயரில் ‘கொ’ உடைந்திருக்கிறது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பழைய ஃபோட்டோஷொப்பில் யுனிகோட் தமிழை ஒட்டினால் இப்படி வரும். பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றினாலும் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள், ஆயிரம் பிரதி அடித்த பிறகு கொம்பை முன்னால் இழுக்க முடியாது.

புத்தகத்தின் முதுகுக்கு, 128 பக்கம் என்றால் 64 தாள். 80 கிராம் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, ஆக முதுகு ஆறரை மில்லிமீற்றருக்குள். அச்சகத்தில் தாளைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் தம்பி எழுத்தை வைக்கவேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் நான்கு நிற மையில் மங்கும், அதனால் ஒரு மாதிரிப் பிரதி அடித்துத் தராத அச்சகத்துக்கு முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பின்னட்டையில் அணிந்துரைக்காரர்களின் பாராட்டு வேண்டாம், அரிசி மூட்டையை இறக்குகிற அந்த ஐந்து வரியைப் போடுங்கள். கீழே வலப்பக்கம் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக எண்ணின் பட்டைக்கு வெள்ளையாக இடம் விடுங்கள். அந்த எண்ணை இன்னும் எடுக்கவில்லை என்றால் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். புதிய அட்டை வந்ததும் எனக்கு அனுப்புங்கள், அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணா