மாதவிலக்கு நின்ற பிறகு வரும் கறை: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் பெண்கள் நோய்ப் பிரிவில் 29 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை எழுதித் தரமாட்டேன். வார்டில் பார்த்ததையும் என் உடம்பிலேயே அனுபவித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 53 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் உள்ளாடையில் இரண்டு சொட்டு கறை இருந்தது. மாமியார், “உடம்புச் சூடு, இளநீர் குடி” என்கிறார். அதற்கப்புறம் வரவே இல்லை. டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா?

போகத்தான் வேண்டும். இளநீரும் குடியுங்கள், தப்பில்லை. அதைக் குடித்துவிட்டுப் போங்கள்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. அதன் பிறகு எப்போது கறை பட்டாலும் காட்டியாக வேண்டும். இரண்டு சொட்டு, ஒரே ஒரு முறை, சிவப்பு இல்லை பழுப்புதான் என்பதெல்லாம் இங்கே செல்லாது. இப்படி வருகிற நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களில் நிறையப் பேருக்கு ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பின் உள்தோல் வறண்டு மெலிந்திருக்கும், உரசினாலே கசியும். சிலருக்கு பாலிப் இருக்கும், ‘சதை வளர்ந்திருக்கு’ என்று சொல்வார்களே, அது. சரி, அந்த ஒன்பது பேர்? அவர்களுக்கும் இந்தக் கறை ஒரு விதத்தில் உதவிதான். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ரத்தம் காட்டிவிடும். உடனே போனவர்களில் பலர் ஒரு ஆபரேஷனோடு குணமாகி வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 54 வயதில் எனக்கே இது வந்தது. தினமும் பத்துப் பேருக்குப் புத்தி சொல்கிற நான், மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. ‘நேற்று பப்பாளி சாப்பிட்டோமே, அதுதான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் பாலிப். நகக்கண் அளவுதான் இருந்தது. அதற்காக மூன்று வார உறக்கம் போனது.

கேள்வி: வயது 47. இரண்டு மாதம் வராமல் இருந்து, இப்போது 12 நாளாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்கேனுக்குத் தேதி பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை என்ன செய்வது?

உங்களுடையது வேறு கதை. இன்னும் நிற்கவில்லை, நிற்கப்போகிற காலம். சில மாதம் கருமுட்டை வெளியே வராது. அப்போது உள்சவ்வு கரையாமல் தடித்துக்கொண்டே போய், ஒரு நாள் மொத்தமாகக் கொட்டும். இந்த வயதில் இது சகஜம்தான். சகஜம் என்பதற்காக ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், 47 வயதில் அது ‘பாசிட்டிவ்’ வந்து அசடு வழிந்த தம்பதிகள் உண்டு.

தேதி வரும்வரை காலண்டரில் தினமும் எத்தனை பேடு என்று குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும்போது “நிறையப் போச்சு” என்பதைவிட “நேற்று ஏழு பேடு” என்பது அவருக்கு உதவும். மணிக்கு ஒரு பேடு வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், தலை சுற்றினால், மூச்சு வாங்கினால், தேதியை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இன்றே பாருங்கள். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்தத்தை நிறுத்த பக்கத்து வீட்டு அக்காவிடம் மிச்சம் இருந்த மாத்திரையை வாங்கிப் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருப்பவர்களுக்கு அதில் சிலது ஆகாது.

கேள்வி: எனக்குத் திருமணம் ஆகவில்லை, வயது 56. உள்ளே கருவி வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்களா?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயிற்றின் மேலேயே எடுப்பார்கள். அதற்குத் தண்ணீர் குடித்து சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டும். உள்வழி ஸ்கேன் என்றால் நேர்மாறு, சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஒரு வாரமாகக் கறை. ஸ்கேனில் உள்சவ்வு 9 மி.மீ. என்று வந்திருக்கிறது, பயாப்ஸி எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் படித்துவிட்டு நான் அழுதுகொண்டிருக்கிறேன். பயாப்ஸி வலிக்குமா?

முதலில் போனைக் கீழே வையுங்கள். நின்ற பிறகு கறை பட்டவர்களுக்கு அந்தச் சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதற்கு மேலே இருந்தால் ‘கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். 9 என்பது நோயின் பெயர் இல்லை. பாலிப் இருந்தாலும் இந்த அளவு காட்டும்.

பெரும்பாலும் ஓ.பி.யிலேயே முடிந்துவிடும். ஜூஸ் ஸ்ட்ராவைவிட மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். வலிக்காது என்று பொய் சொல்லமாட்டேன். மாதவிலக்கு வலி இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். முன்னாலேயே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தாங்க முடியாவிட்டால் அம்மா “நிறுத்துங்க” என்று சொல்லலாம், அதில் வெட்கம் இல்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வழியும் இருக்கிறது. பிறகு இரண்டு மூன்று நாள் லேசாகக் கறை படும். காய்ச்சல், நாற்றம், அதிக ரத்தம் இருந்தால் உடனே காட்டுங்கள்.

இன்னொன்று. பல இடங்களில் சாம்பிள் பாட்டிலை நம் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். பெயர், வயது, எண் மூன்றும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: பயாப்ஸி கொடுத்து எட்டு நாள் ஆயிற்று. இன்னும் ரிப்போர்ட் வரவில்லை. கெட்ட செய்தி என்பதால்தான் தாமதிக்கிறார்களா? ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

இல்லை தங்கச்சி. அந்தத் துணுக்கை ஃபார்மலினில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றித்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வரும், டாக்டர் லீவில் இருப்பார். சாம்பிள் போதவில்லை என்று திரும்ப எடுப்பதும் உண்டு. அதுவும் கெட்ட செய்தி இல்லை, சவ்வு மெலிந்திருந்தால் எடுக்கவே கொஞ்சம்தான் கிடைக்கும்.

என் ரிப்போர்ட் பதினொரு நாள் எடுத்தது. லேபில் தினமும் இரண்டு தடவை கேட்டு, அந்தப் பையன் என் குரலைக் கேட்டாலே “இன்னும் வரலைம்மா” என்பான். ஒரு புண்ணியமும் இல்லை. எந்த நாளில் கேட்க வேண்டும் என்று ஒரு தடவை தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு மட்டும் கேளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஊருக்கே சொல்லாதீர்கள், ஆளுக்கொரு கதை கொண்டுவருவார்கள். இரண்டு மணி விழிப்புக்கு என்னிடம் மருந்து இல்லை. நான் எழுந்துபோய் மறுநாள் சாம்பாருக்கு வெங்காயம் உரித்து வைப்பேன். படுத்துக்கொண்டு யோசிப்பதைவிட அது மேல்.

கேள்வி: விளக்கேற்றலாமா? இது தீட்டுக் கணக்கில் சேருமா?

வீட்டு வழக்கம் உங்கள் விருப்பம். ஆனால் இது மாதவிலக்கு இல்லை. ‘மறுபடி வந்துவிட்டது’ என்று சந்தோஷப்பட்டு ஆறு மாதம் தள்ளிப்போட்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்கேன் பார்த்த உடனே, “வயசாயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்கிறார்கள். எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

பயாப்ஸி முடிவு வரட்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வெறும் வறட்சி என்றால் உள்ளே போடும் ஹார்மோன் க்ரீமே போதும். சவ்வு தடித்திருந்து, செல்லில் மாற்றம் இல்லையென்றால் ஹார்மோன் மாத்திரையோ, ஹார்மோன் உள்ள லூப்போ வைத்துவிட்டு மறுபடி பரிசோதிப்பார்கள். செல் மாறியிருந்தால் எடுப்பதுதான் நல்லது என்பார்கள், அப்போது தயங்காதீர்கள். ஒருவேளை புற்றுநோய் என்றால் ஆபரேஷனே வேறு மாதிரி, அதற்கென்று பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே எடுத்தால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். லேசாகக் கறை படுகிறது. மாத்திரையை நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை உள்சவ்வைத் தடிக்க வைக்கக்கூடியது, அதனால் கறையை இந்த வாரமே காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: நாளை மனைவிக்கு ரிப்போர்ட். நானும் கூட வரலாமா? உள்ளே விடுவார்களா?

போங்கள் தம்பி. உள்ளே விடவில்லை என்றால், “அவங்க பதற்றத்துல மறந்துடுவாங்க” என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பழைய ஸ்கேன், அவர் சாப்பிடும் சுகர், பிரஷர் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வந்திருக்கிறது, அடுத்து என்ன, மறுபடி கறை பட்டால் எப்போது வர வேண்டும். நல்ல ரிப்போர்ட் வந்தாலும் அந்த மூன்றாவது கேள்வியை விடாதீர்கள். அப்புறம், காலையில் இருவரும் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், டோக்கன் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.