முதலில் யாருக்குக் காட்டுவது? (கடிதம்)

அன்புள்ள சார்,

பாஸ்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராக ஊர் கம்யூனிட்டி டிவி நிலையத்துக்குப் போய்விடுகிறான். அங்கே இலவசமாகக் கேமரா தருகிறார்கள், எடிட்டிங் சொல்லித்தருகிறார்கள். பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் ஒரு வயதான அம்மாளைப் பற்றி மூன்று மாதம் மெனக்கெட்டு 14 நிமிட வீடியோ எடுத்தான். கேபிளில் யார் பார்க்கிறார்கள் என்றே தெரியவில்லை. யூடியூபில் 31 பேர் பார்த்திருக்கிறார்கள். அவன் வகுப்புத் தோழன் கேம் விளையாடுவதைப் பதிவு செய்து போட்டே ஆயிரக்கணக்கில் சப்ஸ்கிரைபர் வைத்திருக்கிறான். இவன் உழைப்புக்கு அர்த்தம் உண்டா? கல்லூரி அட்மிஷனுக்கு உதவுமா? சொந்தமாக நல்ல கேமரா வாங்கித் தரலாமா? தமிழில் எடுக்கச் சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர.,

கேமரா வேண்டாம், நிலையம்தான் தருகிறதே. தமிழில் எடு என்று நெருக்காதீர்கள், வீட்டில் தமிழ் பேசுங்கள், போதும். அட்மிஷன் விஷயத்தைப் பள்ளி கவுன்சிலரிடம் கேளுங்கள்.

இப்போது ஒரு கோபம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாள் பார்த்தாரா என்று ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு அது தோன்றவே இல்லையா?

இன்னொன்று, ‘இலவசமாக’ என்கிறீர்கள். இலவசம் எல்லாம் இல்லை. கேபிள் கம்பெனி உங்கள் ஊர்த் தெருவைத் தோண்டி, கம்பங்களில் ஒயர் இழுத்துச் சம்பாதிக்கிறது. அதற்கு ஊருக்குத் தரவேண்டிய வாடகையில்தான் அந்த நிலையம் நடக்கிறது. 1972இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் பெரிய நகரங்களின் கேபிளில் பொதுமக்களுக்கு ஒரு சானல் ஒதுக்க வேண்டும் என்றது. 1979இல் உச்ச நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று விதியை ரத்து செய்தது. பிறகு 1984இல் வந்த சட்டம், சானல் கேட்கும் உரிமையையும், கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை கட்டணம் வாங்கும் உரிமையையும் உள்ளூர் நிர்வாகங்களுக்குத் தந்தது. பிராட்பேண்ட் வருமானத்துக்கு இந்தக் கட்டணம் கிடையாது. அதனால் கேபிளை நிறுத்தும் வீடுகள் கூடக்கூட நிலையங்களின் வருமானம் வற்றுகிறது. நீங்கள் கேபிள் வைத்திருக்கிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா? சும்மா கேட்கிறேன்.

அந்த நிலையத்தை நம் ஊர் லோக்கல் சானல் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். தொண்ணூறுகளில் ஆபரேட்டர் வீட்டு மாடியில் ஒரு விசிஆர் இருக்கும். நகைக்கடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, மாரியம்மன் கோயில் தேர் எல்லாம் அதில் ஓடும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அது ஆபரேட்டரின் கடை. நான் எடுத்த கேசட்டைப் போட்டே ஆகவேண்டும் என்று அங்கே யாரும் போய் நிற்க முடியாது. வானொலிக்காவது இங்கே சமூக வானொலிக் கொள்கை வந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கோடையில் எங்கள் தெருவுக்குப் பல நாள் தண்ணீர் வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு பஸ்ஸை மறித்தார்கள். ஒரு டிவியிலிருந்து கேமரா வந்தது. என் சித்தி பேசினார். ஆவேசமாக எல்லாம் இல்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்த வால்வு எந்தத் தெருவுக்குப் போகிறது, எதை முதலில் திறந்தால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது, திறந்துவிடுகிற ஆள் எந்நேரம் வருகிறார் என்று கணக்காகச் சொன்னார். நிருபர் தலையாட்டிக் கேட்டார். எல்லாம் முடிந்து கேமராக்காரர், “அக்கா, அந்தக் குடத்தக் கொஞ்சம் ரோட்டுல போட்டு உடைங்களேன்” என்றார். பிளாஸ்டிக் குடம், எங்கே உடைய? சித்தி சிரித்துக்கொண்டே போட்டார், அது உருண்டு ஓடியது. ராத்திரிச் செய்தியில் சிரிப்பும் இல்லை, வால்வும் இல்லை. குடத்தை எறியும் கை மட்டும் வந்தது. மறுநாளிலிருந்து பால்காரர்கூட அவரை ‘குடம் எறிஞ்ச அக்கா’ என்றுதான் கூப்பிட்டார். தான் இருக்கும் படத்தை ஊரோடு ஊராக உட்கார்ந்து அந்த ராத்திரிதான் சித்தியும் முதல்தடவையாகப் பார்த்தார்.

இந்த எரிச்சலோடுதான் நான் ஃபோகோ தீவு பற்றிப் படித்தேன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உள்ள மீனவர் தீவு. மீன்பிடித் தொழில் நலிந்து, மக்களை வேறு இடத்தில் குடியமர்த்தும் பேச்சு நடந்த நேரம். 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து கொலின் லோ என்ற இயக்குநர் அங்கே போனார். ஒருவரை எடுத்தால் அவரிடமே முதலில் காட்டினார், வேண்டாம் என்றதை வெட்டினார். அதற்குப் பிறகுதான் தீவின் மற்ற ஊர்களுக்குப் படம் போனது. அரசாங்கத்துக்கும் போனது. அமைச்சரின் பதிலையும் எடுத்து வந்து தீவில் திரையிட்டார்கள். லோ இன்னொன்றும் செய்தார். ஒருவர் பேச்சை இன்னொருவர் பேச்சோடு வெட்டி ஒட்டிச் சண்டை மூட்டவில்லை. ஓர் ஆள் அல்லது ஒரு நிகழ்ச்சி என்றால் அது தனிக் குறும்படம். அப்படி 20க்கும் மேற்பட்ட படங்கள். மதத்தாலும் ஊராலும் பிரிந்து கிடந்தவர்கள் ஒருவர் பேசியதை மற்றவர் முழுக்கக் கேட்டார்கள். அப்புறம் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் படகு கட்டினார்கள். தீவைக் காலி செய்யவில்லை. எல்லாம் சினிமாவால் நடந்தது என்று சொன்னால் அது சினிமாக்காரர்களின் பீற்றல். ஆனால் பேச்சு தொடங்கியதில் அதற்குப் பங்கு உண்டு.

உங்கள் மகன் போகிற நிலையத்துக்கும் இதற்கும் நேரான உறவு இருக்கிறது. ஃபோகோ படங்களை எடுத்த அந்த வாரியத்தின் திட்டத்துக்குச் சில காலம் தலைமை வகித்தவர் ஜார்ஜ் ஸ்டோனி. அவர் நியூயார்க் திரும்பி, 1971இல் ரெட் பர்ன்ஸ் என்பவருடன் சேர்ந்து, சாதாரண மக்களுக்கு வீடியோ கற்றுத்தரும் மையத்தை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அதே ஆண்டு மன்ஹாட்டன் கேபிளில் பொதுமக்கள் சானல்கள் ஓடத் தொடங்கின. அப்போதுதான் சோனியின் போர்ட்டாபேக், அதாவது தூக்கிச் செல்லும் வீடியோ கேமரா, கைக்கு வந்திருந்தது. கறுப்பு வெள்ளைதான், தோளை இறக்கும் கனம். ஆனால் பிலிம் மாதிரி லேபில் கழுவக் காத்திருக்க வேண்டாம். எடுத்த இடத்திலேயே டேப்பைச் சுற்றி, பேசியவருக்கே போட்டுக் காட்டலாம். இன்று உங்கள் மகனின் கையிலுள்ள போனில் அது ஒரு விரல் வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. எடுத்ததும் நேராக அப்லோட்.

அந்தத் தோழனின் ஆயிரக்கணக்கான சப்ஸ்கிரைபர்களை நான் குறை சொல்லவில்லை, பிள்ளை சந்தோஷமாக இருக்கட்டும். ஆனால் அவர்களில் ஒருவரையும் அவன் தெருவில் பார்க்கப்போவதில்லை. உங்கள் மகன் தினமும் காலை எட்டு மணிக்கு அந்த அம்மாளின் ஸ்டாப் பலகை முன்னால் நிற்க வேண்டும். “நான் என் புருஷனைப் பற்றிச் சொன்னதை ஏன் வெட்டிட்டே?” என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் இந்த பயத்தோடு எடிட் செய்யப் பழகுகிறவன் நாளைக்கு யாரிடமும் போய்க் குடத்தைப் போட்டு உடை என்று சொல்ல மாட்டான். நீங்களோ அவனிடம் வியூஸ் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! இந்த வீட்டுச் சூழ்நிலையில் அந்தப் பையன் 14 நிமிடம் ஒரு வயதானவரைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்டிருக்கிறான் என்றால் அவன் உங்களைவிடத் தேவலை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அவனிடம் கேளுங்கள், அந்த அம்மாளுக்குக் காட்டினாயா என்று. காட்டவில்லை என்றால் சனிக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போங்கள். வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எதையாவது வெட்டச் சொன்னால், “மூணு மாச உழைப்பாச்சே” என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

மற்றபடி, இவ்வளவு எழுதிய நீங்கள் அந்த வீடியோவின் லிங்க்கை அனுப்பவில்லை. அவர் சரி என்றதும் அனுப்புங்கள்.